வேகாத துணி

தனசேகரன் என்னிடம் துணி கேட்டு வந்தது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். கையில் அவன் செய்த பஸ் இருந்தது. ஒரு முழ நீளம். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, சிவப்பு ஸ்பிரே பெயிண்ட் அடித்து, சீட்டு, கம்பி, முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழம் வரைக்கும் வைத்திருந்தான்.

ஆரணியிலிருந்து படவேட்டுக்கு ஓடும் ‘கலைமகள்’ பஸ் அது. அதே பஸ்ஸைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். பஸ் முதலாளி ரங்கசாமி எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார்: வெள்ளிக்கிழமை கொண்டுவாருங்கள், எது நன்றாக இருக்கிறதோ அதை என் ஆபீசில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறேன், செய்தவர் பெயரை அச்சடித்துக் கீழே ஒட்டுகிறேன்.

அந்தப் பெயர்தான் எனக்கு வேண்டியிருந்தது. நாற்பது வயது வரைக்கும் கைநாட்டு வைத்தவன் நான். அதற்கப்புறம்தான் எழுத்துக் கற்றேன். தணிகாசலம் என்று என் பெயர் அச்சில் வந்தது வோட்டர் லிஸ்டில் மட்டும். அதில் செத்தவன் பெயர்கூட வருகிறது.

நான் ஆறு வருஷமாகப் பஸ் செய்கிறேன். பவர்லூம் ஓட்டும் தனசேகரன் போன வருஷம்தான் தொடங்கினான். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஆனால் அவன் எழுதும் ஊர் போர்டு பிரஸ்ஸில் அடித்தது போல நேராக நிற்கும். என் எழுத்து நெளியும். டீக்கடையில் அவன் பஸ்ஸை ஆளாளுக்குக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். என் பஸ்ஸை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து, “நல்லா கீதுப்பா” என்பார்கள்.

“ண்ணா, பாலிஷ் போட எந்தத் துணிண்ணா நல்லது?” என்றான். “பனியன் துணியில தொடச்சா பஞ்சு ஒட்டிக்குது. பேஜாரா கீது.”

“பட்டுதான்.”

“வீட்ல சேலைத் துண்டு கீது.”

“அதுல சரிகை ஓடும். கீறிடும்.”

இதுவரைக்கும் நான் நியாயமாகத்தான் பேசினேன்.

“அதான் உன்கிட்ட வந்தேன். பட்டப் பத்தி உன்ன மாதிரி யாருக்குத் தெரியும்?”

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. பட்டைப் பற்றிக் கேட்க என்னிடம் வருகிறான். பஸ்ஸைப் பற்றி எவன் வந்து கேட்டான்?

பட்டு வேகவைக்கும் பட்டறையில் எனக்கு வேலை. பட்டு நூலில் பிறவியிலேயே ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால்தான் அது போகும். போனால் பூ மாதிரி இருக்கும். போகாத துணி ஓலை மாதிரி சரசரக்கும், புது பெயிண்டில் தேய்த்தால் மயிரிழை மயிரிழையாகக் கோடு விழும். இரண்டிலும் ஒவ்வொரு துண்டு அலமாரியில் இருந்தது. இரண்டும் வெள்ளை.

வேகாததை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் கட்டை விரலால் தடவினான். “வெறப்பா கீதேண்ணா?”

“புதுசு இல்ல? தேய்க்கத் தேய்க்க மெத்துன்னு ஆயிடும். நல்லா அழுத்தித் தேய்.”

அழுத்தி என்ற சொல்லை நான் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

செவ்வாயும் புதனும் வேலை முடிந்து அவன் தெரு வழியாகவே வீட்டுக்குப் போனேன். அது எனக்குச் சுற்று வழி. கதவு சாத்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை ரங்கசாமியின் ஆபீசுக்கு அவன் பெண்டாட்டி பரிமளாவோடு வந்தான். குழந்தையைக் கொண்டுவருவது போல அவள் பஸ்ஸைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ரங்கசாமி முதலில் என்னுடையதைப் பார்த்தார்.

“வண்டி நல்லாத்தான் கீது தணிகாசலம். போர்டுதான் குடிச்சிட்டு நிக்குது.”

அங்கே இருந்த கண்டக்டர் சிரித்தான். தனசேகரன் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிறகு அவனுடைய பஸ்ஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் பட்டால் கோடு மறையாது. மேலே பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. அந்தச் சிவப்பில் என் மூஞ்சி தெரிந்தது.

“இன்னாய்யா போட்டுத் தேய்ச்ச?” என்றார் ரங்கசாமி.

“அண்ணன் குடுத்த துணிங்க. இந்தப் பளபளப்பு அவரோடதுங்க. கீழ அவர் பேரும் போடுங்க.”

“போட்டாப் போச்சு.”

உள்ளே அவர்கள் பெட்டிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வெளியே வந்து நின்றேன். பரிமளாவும் வந்தாள்.

“எங்கப்பாவும் பட்டறையில வேவ வச்சவருதாண்ணா,” என்றாள். “அந்தத் துணியக் கையில வாங்கும்போதே தெரிஞ்சிது. எங்க வீட்டுக்காரரு தேய்க்க உக்காந்துட்டாரு. தொவச்சித் தரேன்னு புடுங்கி, சோப்பப் போட்டு ஒரு மணி நேரம் அடுப்புல கொதிக்க வச்சேன்.”

“அவன்கிட்ட சொன்னியாம்மா?”

“இன்னான்னு சொல்றது? அண்ணன் மறந்து மாத்திக் குடுத்துட்டாருன்னா? அவரு நம்புவாரு.” துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். “நீங்க நம்புவீங்களா?”

அடுத்த வாரம் தனசேகரனே என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். கண்ணாடிக்குள் அவன் பஸ். கீழே அச்சில்: செய்தவர் மா.தனசேகரன். அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: துணி உதவி தணிகாசலம். ஒரு எழுத்தும் நெளியவில்லை. அவன் கண்ணாடி மேல் விரல் வைத்து எனக்கு அதைப் படித்துக் காட்டினான். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது சந்தோஷத்தில் அவனுக்கு மறந்துவிட்டது போல.

“அடுத்தது செய்யார் கம்பெனி பஸ் பண்ணப் போறேண்ணா. அதே துணியில இன்னொரு துண்டு குடேன்.”

“தரேன்.”

சனிக்கிழமை ஒரு துண்டை நானே வேகவைத்தேன். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்று, மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு மெத்தென்று என் பஸ்ஸுக்குக்கூட நான் துணி வேகவைத்ததில்லை.

அதனால் முதலில் என் பஸ்ஸை அதில் துடைத்தேன். அப்புறம்தான் அவனுக்குக் கொடுத்தனுப்பினேன்.