நாணல் குருவி

சிலி நாட்டு ஏரியில், நாணலுக்குள்ளேயே பிறந்து நாணலுக்குள்ளேயே சாகும் ஒரு குட்டிக் குருவி உண்டு. உடம்பெல்லாம் ஏழு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை ஆராயத்தான் தனேஸ்வரியின் ஒரே மகன் லோகன் மலேசியாவின் ஈஜோக்கிலிருந்து அவ்வளவு தூரம் போனான். நம் செம்பனைக் காட்டில் இல்லாத குருவியா என்று அவள் கேட்டது எடுபடவில்லை.

ஒருநாள் அவனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பேச்சே இல்லை, தண்ணீர் அலம்பும் சத்தமும், குருவி விடாமல் கத்தும் சத்தமும்தான். கை தவறி அமுக்கிவிட்டான் என்று நினைத்து அவள் பதில் அனுப்பினாள்.

"ஒரே குருவிச் சத்தமா இருக்கு லா. சாப்பிட்டியா இல்லையா, அதச் சொல்லுப்பா."

அவன் சொல்லவில்லை. ஏரியில் அவன் போன படகு கவிழ்ந்துவிட்டதென்று வேறு யாரோதான் அழைத்துச் சொன்னார்கள்.

காரியம் முடிந்த பிறகு, அவனோடு வேலை செய்த ஜஸ்மின் அவன் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். தனேஸ்வரி அந்தப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினாள்.

"இந்தக் குருவி எங்க யாருக்கும் வாயத் தொறக்கல ஆண்ட்டி. லோகனுக்கு மட்டும்தான் கிட்ட வந்துச்சு. ஆனா அவன் மூச்சுச் சத்தம் ஊடால விழுந்துருச்சு. ஆராய்ச்சிக்கு ஆகாது, அம்மாவுக்கு அனுப்பிடுறேன்னான்."

ஜஸ்மின் போனதும் தனேஸ்வரி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இருந்தது. குருவி ஓயும்போதெல்லாம் மெல்ல ஒரு மூச்சு. சின்ன வயதிலிருந்தே தீராத அதே மூக்கடைப்பு.

மறுபடி மறுபடி கேட்டாள். மூச்சு தெளிவாகக் கேட்கத் தொடங்கும் நேரம் பார்த்து அந்தக் குருவி கத்தித் தொலைத்தது.

"கொஞ்சம் சும்மா இரேன்," என்றாள் அதனிடம்.