கோபமில்லாத தொண்ணூற்றேழாம் நாள்

எபினேசருக்குக் கோபம் வந்தால் கவரைப்பேட்டையில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் இருபது வருடமாக சேஃப்டி சூப்பர்வைசர். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டுக்கு வந்தால் மட்டும் இறங்கிவிடுமா? போன கிறிஸ்மஸ் சமயத்தில் மகள் பெர்சிஸ் கைபேசியைத் தொலைத்துவிட்டு வந்ததற்கு அவர் போட்ட சத்தத்தில், எதிர்வீட்டு லட்சுமியம்மாள் பால் பொங்குவதைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு பெர்சிஸ் அவரிடம் பேசுவது நின்றுபோனது. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். காலேஜில் இது நடந்தது, ரயிலில் அது நடந்தது என்று சாப்பிட விடாமல் தொணதொணத்துக்கொண்டிருந்த பெண். அந்தத் தொணதொணப்பு இல்லாமல் எபினேசருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் பழையபடி தன்னிடம் வாயைத் திறக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

புது வருஷ ஆராதனையில் பாஸ்டர் விழிப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். விசுவாசி என்பவன் காவலுக்கு நிற்கிறவன், எந்த வாசல் பலவீனமோ அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். காவல், வாசல், கண்காணிப்பு என்று வார்த்தைக்கு வார்த்தை தன் தொழிலையே பேசுகிறாரே என்று எபினேசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் பலவீனமான வாசல் எது என்று அவருக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும்.

ஆலை வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. விபத்தில்லாத நாட்கள் என்று போட்டு, கீழே எண். தினமும் காலையில் அதை மாற்றி எழுதுவது எபினேசர்தான். யாருக்காவது அடிபட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அதே மாதிரி ஒரு கரும்பலகையை வாங்கி வந்து, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். ‘கோபமில்லாத நாட்கள்: 1’ என்று சாக்பீஸால் எழுதினார்.

மனைவி ஹேமாவதி கரண்டியும் கையுமாக வந்து பார்த்தாள். “இன்னாங்க இது, ஊட்டையும் கம்பெனி ஆக்கிட்டீங்க?”

“காவல்னா கணக்கு வோணும் ஹேமா” என்றார்.

முதல் பத்து நாள் பெரும்பாடு. ஒன்பதாம் நாள் சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. எபினேசர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் வாளி உடைகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, ஆளுக்கு அடிபடவில்லை, வாளிக்குத்தான் பட்டது, ஆகவே இது விபத்தில் சேராது, மயிரிழையில் தப்பியது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறுநாள் 10 என்று எழுதினார். ஆலையில் இருபது வருடம் குப்பை கொட்டியவருக்கு இந்த மாதிரி வகைப்பாடெல்லாம் சொல்லியா தர வேண்டும்?

முப்பது தாண்டியதும் சங்கதி சபையில் பரவியது. பாஸ்டரே நாலு பேரை அழைத்து வந்து பலகையைக் காட்டி ஸ்தோத்திரம் சொன்னார். இரண்டு வீடுகளில் புதுப் பலகை ஏறியது. அதில் ‘புறணி பேசாத நாட்கள்’ பலகை தெருக்குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது. நூறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, அன்று எபினேசர் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஆரம்பாக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்றார்கள். எபினேசருக்குத் தலைகால் புரியவில்லை. சாட்சிக்கென்று வெள்ளைச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்தாயிற்று.

வீட்டிலும் ஒரே சமாதானம். கேஸ் தீர்வதில்லை, குழாய் ஒழுகுவதில்லை, யாரும் எதையும் தொலைப்பதில்லை. ஹேமாவதி தினமும் காலையில் உபவாச ஜெபத்துக்கென்று மகளோடு சேர்ந்தே கிளம்பிப் போய்விடுகிறாள். இத்தனை ஆசீர்வாதமா என்று அவர் பூரித்துப்போனார். பெர்சிஸ் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை என்பது மட்டும் உறுத்தியது. நூறு ஆகட்டும், தானாகப் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றேழாம் நாள், வியாழக்கிழமை. ஏப்ரல் வெயில், பக்கத்தில் உலை. ஆலையில் முக்கால்வாசிப் பேர் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருக்கையில், ஃபிட்டர் ராஜமாணிக்கம் மட்டும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு நின்றான். எபினேசரோடு பதினைந்து வருடப் பழக்கம். அவர் போய்க் கையைப் பிடித்ததும் “ஐயோ” என்றான். சட்டையை மடித்துப் பார்த்தால் முழங்கைக்குக் கீழே ஒரு ஜாணுக்குத் தீப்புண். மேலே பற்பசை.

“எப்ப ஆச்சு?”

“அஞ்சு நாளாவுது.”

“ஏன் சொல்லல?”

“எப்டி சொல்றது நைனா? போர்டுல முந்நூத்தி அறுபத்தொண்ணு கீது. இன்னும் நாலு நாளு போனா ஆளுக்கு ஒரு எவர்சில்வர் கேரியர். நா வாயத் தொறந்தா இருநூறு பேருக்கும் போச்சு. அப்பால என்னிய உயிரோட வுடுவானுங்களா?”

எபினேசருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை ஏறியது. வாயைத் திறந்தார். தொண்ணூற்றேழு ஞாபகம் வந்தது. வாயை மூடினார். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “தம்பி ராஜமாணிக்கம், கர்த்தர் உன்ன ஆசீர்வதிப்பாராக” என்றார். அந்தக் குரலைக் கேட்டு ராஜமாணிக்கம் இரண்டடி பின்னால் போனான்.

“நைனா, கெட்ட வார்த்தைல வேணாலும் திட்டிக்கோ. இப்டி சிரிக்காத. பேஜாரா கீது.”

“கொஞ்சமாச்சும் யோசிச்சியா? போர்டு எதுக்குடா கீது? உன் கைக்காகத் தான போர்டு? போர்டுக்காக நீ கைய மறைப்பியா?” சிரிப்பு மாறாமலே கேட்டார்.

ராஜமாணிக்கம் அவரையே பார்த்தான். “இத உன் ஊட்ல போய் சொல்லு.”

“என் ஊட்ல இன்னா?”

சொல்லலாமா வேண்டாமா என்று அவன் தலையைச் சொறிந்தான். பிறகு கொட்டிவிட்டான். “மூணு வாரமா ஸ்டேஷன்ல ஒருத்தன் பெர்சிஸ் பின்னாடி சுத்திகினு இருந்தான். உன் சம்சாரம் தான் தெனம் கூடப் போய் ரயில் ஏத்திட்டு வருது. நானும் என் மச்சானும் நாலு நாள் போய் நின்னு அவன மெரட்டி அனுப்புனோம். இப்ப வர்றதில்ல. நூறு ஆவற வரைக்கும் உன்னான்ட சொல்லக் கூடாதுன்னு உன் சம்சாரம் சத்தியம் வாங்கிச்சி. உங்க பாஸ்டருக்கும் தெரியும்.”

உபவாச ஜெபம்! எபினேசர் அங்கேயே ஒரு இரும்புத் துண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அது சூடாக இருந்தது. எழுந்துகொண்டார்.

தன் மகளுக்காக யார் யாரோ காவல் நின்றிருக்கிறார்கள். அம்மா நின்றிருக்கிறாள். அம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிற ராஜமாணிக்கம் வெந்த கையோடு போய் நின்றிருக்கிறான். அவன் மச்சான், முகம்கூடத் தெரியாத ஆள், அவனும் நின்றிருக்கிறான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்த தான் மட்டும் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

ராஜமாணிக்கத்தை இழுத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார். அறிக்கை எழுதினார். ஆலைப் பலகையில் பூஜ்யம் போட்டார். இருநூறு பேர் அவரை என்னென்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், “ஸ்டேஷன்ல இன்னா நடந்துச்சு?” என்றார்.

ஹேமாவதி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “இன்னும் மூணு நாளு தாங்க. ஞாயித்துக்கெழம சாட்சி முடிஞ்சப்பால உக்காந்து பேசிக்கலாம். பாஸ்டரும் அதான் சொன்னாரு.”

“இப்ப சொல்லு.”

“கோவம் வருதா உங்களுக்கு?”

“வருது. நல்லாவே வருது.” சொல்லிவிட்டு, கரும்பலகையை ஆணியிலிருந்து கழற்றி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சொருகினார். அம்மாவும் மகளும் தூங்குகிற குழந்தை கீழே விழுந்துவிட்ட மாதிரிப் பதறினார்கள்.

பெர்சிஸ்தான் முதலில் பேசினாள். “மின்னாடி நீங்க கத்துவீங்கன்னு பயந்து சொல்ல மாட்டேன். இப்ப நீங்க கத்திடக் கூடாதேன்னு பயந்து சொல்லல. ரெண்டுமே பயம் தானப்பா.”

எபினேசர் தொண்ணூற்றேழு நாளும் செய்த ஜெபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் சுருண்டு விழுந்தது. அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. சாட்சி சொல்ல முடியாது என்று பாஸ்டருக்கு ஃபோன் செய்தபோதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார்.

“பிரதர், ஆரம்பாக்கத்துல வேனே புக் பண்ணிட்டாங்க” என்றார் பாஸ்டர்.

“வரட்டும் பாஸ்டர். காவலுக்கு நின்னவன் நானு. திருடன் வந்து போனது ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. வேணும்னா அதச் சொல்றேன்.”

தன் பங்குக்குத் தானும் மறைத்தது பாஸ்டருக்கு உறைத்திருக்க வேண்டும். “அதையே சொல்லுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஹேமாவதியை வீட்டில் விட்டுவிட்டு எபினேசரே மகளோடு ஸ்டேஷனுக்குப் போனார். நடைமேடையில் நிற்கிற ஒவ்வொரு பையனையும் அவர் முறைத்த முறைப்பில், பாதிப் பேர் அடுத்த பெட்டி வருகிற இடத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். பெர்சிஸ் முந்தாநாள் காலேஜில் நடந்ததைச் சொன்னாள், அதற்கு முந்தைய வாரம் நடந்ததைச் சொன்னாள். அவர் உம் கொட்டிக்கொண்டே வந்தார். திடீரென்று அவள் நிறுத்தினாள்.

“இன்னொண்ணு கீதுப்பா.”

“சொல்லு.”

“ரெண்டு அரியர்.”

எபினேசர் கத்தினார். மூன்று மாதமாகத் தேக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. சமோசா விற்கிறவன் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். கத்திக்கொண்டிருக்கும்போதே எபினேசர் மகள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் கத்தும்போது அவர் எதையும் பார்த்ததே இல்லை. தன் விரல் அவள் மூக்குக்கு நேரே நீண்டிருப்பது தெரிந்தது. அதை மடக்கிப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் தலையைக் குனியவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

“முடிச்சிட்டீங்களா?”

“இல்ல. இன்னும் கொஞ்சம் கீது.”

“சரி, அதையும் கத்திடுங்க.”

கத்தி முடித்தார். குரல் இந்தத் தடவை கொஞ்சம் இறங்கியிருந்தது. ரயில் வந்து நின்றது. எந்தெந்தப் பேப்பர், ஏன் போயிற்று, அந்த சார் எப்படிப்பட்டவர் என்று பெர்சிஸ் ஆரம்பித்தாள். சார் கதையே பாதியைத் தாண்டவில்லை, ரயில் கிளம்பிவிட்டது. அவள் ஏறவில்லை. அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.