இரும்பும் வேணும்

“லோஹா ஹோனா கி நக்கோ?”

போன வருஷம் கோட்டி கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் எமியைப் பார்த்து உருதுவில் இப்படிக் கேட்டார். இரும்பு வேணுமா, வேண்டாமா? மெட்டல் டிடெக்டரில் இரண்டு ரகம் உண்டு. விலை கூடிய ரகம் இரும்பைக் கண்டுகொள்ளாது. காசு, வெள்ளி, பித்தளை என்றால்தான் வாய் திறக்கும். மலிவான ரகத்துக்கு அந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது, எதைக் கண்டாலும் கத்தும். எமி மூன்று வாரம் வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து, இரும்பை விட்டுவிடும் ரகத்தில் இருப்பதிலேயே விலை குறைந்ததைத் தேர்ந்து வைத்திருந்தாள். ஆனால் வெளியாள் யாராவது கேள்வி கேட்டால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பாதிக் காரணம் அதுதான். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

எட்வர்ட் முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் வேகன் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொன்னவர். “ஹோனா பாய், ஹோனா,” என்று மலிவானதைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, “இரும்ப வேணாம்னு சொன்னா நமக்குச் சோறு ஏதும்மா?” என்று சிரித்தார்.

அந்த டிடெக்டரின் கம்பியையும் வட்டத் தட்டையும்தான் இப்போது, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எமி மெட்டுகுடா வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே குளிர்பெட்டிக்குள் அப்பா இருந்தார். நேற்று விடிகாலை ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

“அப்பன் பெட்டிக்குள்ள கெடக்கான், இவ பொம்மைய மாட்டிக்கிட்டிருக்கா,” என்று யாரோ ஒரு பெண் நாற்காலியிலிருந்து சொன்னது கேட்டது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்த பிளஸ்ஸன் மாமா படியிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார்: “முடியாதாம்க்கா. பழைய தோட்டத்துல நம்பர் தகட்டக் காட்டுனாத்தான் குழியத் திறப்பாங்களாம். தகட்டக் காணோம். அந்த வாசல்லயே ஒரு வண்டியப் பேசி நிறுத்திட்டேன். ஊருக்கு வெளிய புதுத் தோட்டம்தான்.”

“பாப்பாகிட்டதான் வைக்கணும்னு அவர் எத்தன தடவ சொல்லியிருக்காரு, பிளஸ்ஸன்,” என்றார் அம்மா ஹில்டா. அழுது அழுது அவர் குரல் கம்மிப் போயிருந்தது.

பாப்பா என்பது எமிக்கு மூத்தவள். எமி பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால், எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு போனவள். கல் வைக்க அன்று வசதியில்லை. அப்படிப்பட்ட குழிகளுக்குச் சபையார் நம்பர் போட்ட ஒரு வார்ப்பிரும்புத் தகட்டை ஊன்றிவிடுவார்கள். சொந்தக்காரர் இறந்தால் அதே குழியைத் திறந்து வைக்கலாம். ஆனால் தகடு கண்ணில் பட வேண்டும். தப்பான குழியைத் திறந்துவிடக் கூடாது என்பதற்கான கட்டுப்பாடு அது. இருபத்திரண்டு வருஷ மழையில் பாப்பாவின் தகடு மண்ணுக்குள் போய்விட்டது.

“மாமா, நான் தேடுறேன்,” என்றாள் எமி.

“இத வெச்சுக்கிட்டா? ஒரு வருஷமா அப்பாவும் பொண்ணும் ஆணி பொறுக்கித்தானம்மா கொண்டு வந்தீங்க?”

“கைக்குடா, எதுக்குடா அவளத் தடுக்கிற? கூட்டிட்டுப் போ,” என்றார் ஹில்டா.

ஸ்கூட்டரின் பின்னால் டிடெக்டரை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது போன ஞாயிற்றுக்கிழமை எமியின் நெஞ்சில் குறுக்கே நின்றது. காய்ந்து கிடந்த ஏரிக்கரைக்கு அப்பா கூப்பிட்டார். “ஆணி பொறுக்க நான் வரல டாடி. நான் சொன்னத வாங்கியிருந்தா இந்நேரம் ஒரு காசாவது கெடச்சிருக்கும்,” என்று சொல்லிவிட்டாள். அவர் தனியாகப் போய், தங்கம் கிடைத்தவர் மாதிரி ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் செயலாளர் தமிழ்ச்செல்வன் பதிவேட்டுடன் காத்திருந்தார். “நம்பர் 214. இந்தப் பக்கம் 211 இருக்கு, அந்தப் பக்கம் 219 இருக்கு. நடுவுல எங்கேன்னு சொல்ல முடியல. பெரியவங்க, குழந்தைங்கன்னு கலந்து கெடக்கு, அடி அளந்தும் பிரயோஜனமில்ல. ஒரு மணிக்குள்ள தெரியணும்மா. வெட்டி முடிக்கவே சாயங்காலமாயிடும்.”

எமி தலையாட்டினாள். தட்டைத் தரையோடு ஒட்டி வீசியதுமே டிடெக்டர் கத்தத் தொடங்கியது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கத்தல். மட்கிப்போன மலர்வளையங்களின் கம்பிகள் புல்லுக்குள் எங்கும் பரவிக் கிடந்தன.

“ஹவ், ஆமா, தோட்டம் முழுக்கப் புதையல்தான்!” என்றார் மாமா.

அவள் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாதைப் பக்கம் போட்டாள். பிறகு குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வீசினாள். ஒரு வருஷமாகத் தலைவிதியே என்று கேட்ட சத்தங்கள்தான் இவை. கம்பிக்கும் ஆணிக்கும் ஒடிந்து ஒடிந்து வரும். பாட்டில் மூடி சட்டென்று கத்தி அடங்கும். அகலமான பொருளுக்கு நீளமாக இழுக்கும். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை; சலித்துக்கொண்டே நடந்தபோது காது தானாகப் பிடித்து வைத்திருந்தது.

ஓரிடத்தில் நீளமாக, உரக்க இழுத்தது. குழிவெட்டுகிறவர் கடப்பாரையால் கிளறினார். நாலு விரல் ஆழத்தில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா மூடி ஒன்று வந்தது.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “போதும் எமி. அங்க உங்கம்மா தனியா இருக்கா.”

“கண்ட இடத்துல தோண்ட விடக்கூடாதும்மா,” என்றார் தமிழ்ச்செல்வன். “இன்னும் ஒரே ஒரு எடம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

ஒரே ஓர் இடம். ஆனால் அவளுக்கு இரண்டு சத்தங்கள் கேட்டிருந்தன. ஒன்று 211-ஐ ஒட்டி, கணீரென்று. இன்னொன்று அதற்கும் அப்பால், காதைத் தீட்டினால்தான் கேட்கும் முனகல். ஆனால் ஒடியாமல், அகலமாக வந்தது. மாமா முதலாவதைக் காட்டி, “இதுதான், எவ்வளவு சத்தமா வருது பார்,” என்றார். குழிவெட்டுகிறவரும் அங்கேதான் கடப்பாரையை ஊன்றினார்.

எமி நின்றாள். சத்தமாகக் கத்தியது நாலு விரல் ஆழத்தில் இருந்த டப்பா மூடி. இருபத்திரண்டு மழைக்காலம் உள்ளே போன இரும்பு எப்படிக் கத்தும்?

“எக்கடம்மா?” எந்த இடம் என்று குழிவெட்டுகிறவர் தெலுங்கில் கேட்டார்.

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“இக்கட காது, இங்க இல்ல,” என்றாள் எமி. முனகல் வந்த இடத்தில் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை ஊன்றினாள். இந்தத் தடவை குரல் அவளுக்கே புதிதாக, பெரிதாக வந்தது. “இக்கட. லோதுகா தவ்வண்டி. ஆழமாத் தோண்டணும் மாமா.”

ஒரு சாண் மண் வந்தது. இன்னும் அரைச் சாண். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கடப்பாரை நங்கென்றது. குழிவெட்டுகிறவர் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு அள்ளினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு, பொருக்குப் பொருக்காகத் துரு. தமிழ்ச்செல்வன் அதை வாங்கி ஸ்கூட்டர் சாவியால் சுரண்டினார். இரண்டு. ஒன்று. அடுத்ததை விரலால் தடவிப் பார்த்து, “நாலு,” என்றார். பதிவேட்டைத் திறந்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு குழிவெட்டுகிறவரிடம், “ஆரம்பி,” என்றார்.

எமி புல்லில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. கூடவே வேறு ஏதோ ஒன்றும் வந்தது, சிரிப்பு மாதிரி.

மாமா தகட்டைத் தமிழ்ச்செல்வன் கையிலிருந்து வாங்கினார். குழாயடிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் கழுவினார். கைக்குட்டையால் துடைத்துக் கொண்டுவந்து எமியின் மடியில் வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் அதற்குள் திரும்பியிருந்தார்.

பெட்டியைத் தூக்கி வருகிறவர்களின் கால் இடறாமல் இருக்க, பாதையோரம் கிடந்த கம்பிகளைக் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டே அவர் நடந்தார். புதுத் தோட்டத்துக்கென்று பேசி வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைக் கம்பி பிடித்த கையாலேயே போகச் சொல்லிச் சைகை காட்டினார். ஸ்கூட்டரைக் கிளப்பி, மெட்டுகுடா வீட்டுப் பக்கம் திருப்பினார்.