வாலைப் பிடித்த தச்சர்

இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதக்கும் அந்த மரக் கிளைடருக்கு ஒரே இருக்கை. கற்றுக்கொள்பவர் தனியாகத்தான் பறக்க வேண்டும்; வாத்தியார் தரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். பத்தொன்பது வருடங்களில் தபால்காரர் அதன் மூக்கை உடைத்தார். மருந்துக்கடைக்காரர் இடது இறக்கையை வேலியிலேயே விட்டுவிட்டு வந்தார். பேக்கரிக்காரர் பறக்கவே இல்லை; உட்கார்ந்தார், இருக்கை போயிற்று.

ஒவ்வொரு முறையும் தச்சர் மரத்தை ஒட்டினார். அவர் மனைவி இறக்கைக்குத் துணி தைத்தாள். நாளைக் காலை கிளைடர் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. இனி கூரையில் தொங்குவதுதான் அதன் வேலை.

"ஊரே ஏறி ஒடிச்சாச்சு. தைச்சவ ஏறக் கூடாதா?" என்று ஆறு வாரமாகச் சமதரையில் தத்தித் தத்திப் பழகியிருந்தாள் மனைவி. இன்று மேட்டிலிருந்து முப்பது விநாடி பறந்தால் சான்றிதழ். தவறினால் இந்த ஜென்மத்தில் இல்லை.

கிளைடரின் மூக்குக் கொக்கியில் நீண்ட ரப்பர் கயிறு. பக்கத்துக்கு மூன்று பேராக அதை இழுத்துக்கொண்டு சரிவில் ஓட வேண்டும். பின்னால் ஒருவர் வாலைப் பிடித்திருந்து, வாத்தியார் சொன்னதும் விட வேண்டும். அந்த வேலையைத் தச்சரே கேட்டு வாங்கியிருந்தார்.

"மாமா, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? அக்காவை நெனச்சா, இறக்கையை நெனச்சா?" என்றார் மருந்துக்கடைக்காரர். மனைவியின் தம்பி.

"வாயை மூடிட்டுக் கயித்தைப் பிடிடா."

"நட!" என்றார் வாத்தியார். "ஓடு! விடு!"

தச்சர் விடவில்லை. மூளை சொன்னது, கை கேட்கவில்லை. குப்புறப் படுத்து வாலைக் கட்டிக்கொண்டார். முன்னால் ஆறு பேரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கயிறு ஒரு நாளும் நீளாத அளவு நீண்டது.

"விடுய்யா!" என்று அலறினார் வாத்தியார்.

"மாமா, எனக்கு உயிர் போவுது!"

திரும்பிப் பார்க்க முடியாத மனைவி இருக்கையிலிருந்தே கத்தினாள்: "ஏங்க, வாலு பிச்சுக்கிட்டு வந்துரப் போவுது!"

வால் என்றதும் கை தானாகத் திறந்தது.

கிளைடர் கவண்கல்லாய்ப் பாய்ந்தது. கயிறு இழுத்த ஆறு பேரும் சரிவில் உருண்டார்கள். கூடுதலாக நீண்டிருந்த கயிறு அவளை இதுவரை யாரும் போகாத உயரத்துக்குத் தூக்கிவிட்டது. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முப்பது தாண்டியது. நாற்பத்தொன்றில் அவள் கீழே புல்லில் அலுங்காமல் இறங்கினாள். ஒரு குச்சிகூட ஒடியவில்லை.

தச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"பிரமாதம்!"

"எந்தப் பக்கம் திரும்பினேன்?"

"வலது... இல்ல, இடது..."

"நேரா வந்தேன். கண்ணை மூடிட்டுத்தானே கிடந்தீங்க?"

தச்சர் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார்.

அவள் இருக்கையை விட்டு இறங்கவில்லை. "தம்பி, மேட்டுக்கு இழுங்க. இந்த மனுஷன் பார்க்கவே இல்லையாம்."