உறங்கும் பிளவு

தடதடவென்ற சத்தத்தில் பள்ளத்தின் சுவரிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நிலவியல் ஆய்வாளர் தூரிகையைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினாள். மேலே ஒரு புல்டோசர். பக்கத்தில், கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளுடைய சித்தப்பா மகன். இங்கே வரப்போகும் பள்ளிக்கூடத்துக்கு அவன்தான் பொறியாளர்.

"மேல வாக்கா. பள்ளத்தை மூடச் சொல்லிட்டாங்க."

"எவன் சொன்னான்?"

"உன் அறிக்கைதான்."

பிடுங்கிப் படித்தாள். பழைய பூகம்பங்களின் தடம் தேடி, மலையடிவாரத்தில் மூன்று மாதம் வெயிலில் வெந்து இந்த நிலப்பிளவைப் பற்றி அவள் எழுதியது 'உறங்கும் பிளவு'. அச்சில் இருந்தது 'இறந்த பிளவு'. கீழே அவளுடைய கையெழுத்து.

"இதை யாருடா சாகடிச்சது?"

"தூங்குறதுக்கும் செத்ததுக்கும் மலைக்கு என்னக்கா வித்தியாசம்? எழுநூறு வருஷமா ஆடல. நம்ம காலத்துலயா ஆடிடப்போகுது?"

அவள் அவன் கையைப் பிடித்து ஏணியில் இறக்கினாள். சுவரில் ஆணி அடித்து வெள்ளை நூல் கட்டியிருந்தாள். இடப்பக்கம் இடுப்பு உயரத்தில் நேராக வந்த கறுப்புக் களிமண், கத்தி வைத்ததுபோல் அறுந்து, வலப்பக்கம் நெஞ்சு உயரத்தில் தொடர்ந்தது.

"ஒரே ஆட்டத்துல இவ்வளவு தூக்கியிருக்கு. அடியில இருக்குற மணல் அடுக்கைப் பாரு. ரெண்டு மடங்கு விலகியிருக்கு. ஏன்னா, அது ரெண்டு ஆட்டம் பார்த்தது. உள்ள கிடைச்ச கரித்துண்டோட வயசை வச்சுக் கணக்குப் போட்டாச்சு. ரெண்டுக்கும் நடுவுலயும் இதே எழுநூறு வருஷம்தான். செத்தது ரெண்டாவது தடவை எந்திரிக்குமாடா?"

அவன் நெற்றியைத் துடைத்தான். "நானூறு பிள்ளைங்க மரத்தடியில உட்கார்ந்து படிக்குதுங்க. கட்டடம் வேண்டாம்னு நீயே போய்ச் சொல்லு."

"வேண்டாம்னு எவ சொன்னா? ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கட்டுன்னுதானே எழுதினேன்! அறிக்கையில அந்தப் பக்கத்தையே காணோமே, எலி தின்னுடுச்சா?"

"கத்தாதக்கா. டிரைவர் கேக்குறாரு."

புல்டோசர் எப்போதோ நின்றிருந்தது. ஓட்டுநர் பள்ளத்தின் விளிம்பில் குந்தி, அறுந்த கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் ரெண்டு பிள்ளைங்களும் இங்கதான் சேரப்போகுதுங்க. உங்க பொண்ணும் இங்கதானே?"

பொறியாளர் கால்சட்டையில் ஒட்டிய களிமண்ணை நகத்தால் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட அது இழுபட்டுப் பரவியது.

"அவளுக்கு... டவுன்லயே இடம் கிடைச்சிடுச்சுப்பா."