செங்கல்வராயனின் கொட்டாங்குச்சி

காணும் பொங்கலன்று ஊரே வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகும். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பிய நாங்கள் மட்டும் பேரணாம்பட்டு ஆற்றுமணலில் கூடுவோம். அதுதான் எங்கள் தீவுத் திருநாள். குழி தோண்டிக் கல்லைச் சுட வைத்து, இலையில் கட்டிய சேப்பங்கிழங்கை வேகவிடுவோம். 'கப்பல் சாதி' என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், யாருக்கு நஷ்டம்?

நங்கோணா வேரை இடித்துப் பிழிந்த தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் குடிப்பது தீவுப் பழக்கம். அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் ஆளுக்கொரு கொட்டாங்குச்சி வைப்போம். செத்தவர்களுக்குக் கவிழ்த்து வைப்போம். உயிரோடிருப்பவர்களுக்கு நிமிர்த்தி வைத்து ஊற்றுவோம். அதை யாரும் தொடக்கூடாது.

சம்பூர்ணம் வருடா வருடம் முதலில் வந்து, புருஷன் செங்கல்வராயனுக்கு நிமிர்த்தி வைப்பாள். "நீ முன்னாடி போ, அடுத்த கப்பல்ல வர்றேன்" என்று அனுப்பி வைத்தவன். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. தோல் பதனிடும் ஷாப்பில் கூலி வேலை. "இன்னும் எத்தினி காலத்துக்குடி?" என்று நான் கேட்டால் எரித்துவிடுவதுபோல் பார்ப்பாள்.

அந்த வருடம் பரந்தாமன் என்பவர் புதிதாகக் கப்பலில் வந்திருந்தார். செங்கல்வராயன் என்ன ஆனான் என்று அவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். சம்பூர்ணத்துக்கோ கேட்கப் பயம். அதற்குள் எங்கள் வழக்கம் தெரியாத அந்த மனுஷர் மணலில் உட்கார்ந்து, தீவு முறைப்படி கையை ஒரு தட்டு தட்டி, எதிரே நிரம்பியிருந்த கொட்டாங்குச்சியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"ஐயோ!" என்று அலறினாள் சம்பூர்ணம். "அது எங்க வூட்டுக்காரருதுண்ணா!"

"யாரும்மா?"

"செங்கல்வராயன்."

பரந்தாமனின் முகம் வெளுத்துவிட்டது. "உயிரோடதான்மா இருக்காரு" என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் மணலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவருக்குத்தான் கப்பல்ல எடம் வந்திச்சி. எங்கம்மா சாவக் கெடக்குறாங்கன்னு நான் அழுதேன். 'எனக்கு இங்கயே பொண்டாட்டி புள்ளைங்க ஆயிடிச்சி, நீ போடா'ன்னு வுட்டுக் குடுத்துட்டாரு. ஊர்ல ஒரு சம்சாரம் இருக்கறதா சொல்லவே இல்லம்மா."

"படுபாவி! அவன் நாசமாப் போவ!" என்று நான் மண்ணை வாரித் தூற்றினேன்.

"சும்மா இரு பங்கஜக்கா" என்றாள் சம்பூர்ணம். கவிழ்ந்திருந்த கொட்டாங்குச்சியை நிமிர்த்தினாள். எல்லாரும் அவள் கையையே பார்த்தோம். மறுபடியும் நிரப்பி, பரந்தாமனிடம் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அவரு எடத்துல நீங்க வந்துட்டீங்க. அம்மா மொகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. ரெண்டு நாள் எம்மடியிலதான் இருந்தாங்க."

"அப்போ இது உங்களுதுதாண்ணா. குடிங்க."

அவர் அழுதுகொண்டே குடித்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அவரு புள்ளைங்களுக்கு இன்னா பேருண்ணா?"

அவர் சொன்னார். அதுவரை கண் கலங்காதவள், தனக்குப் பிறக்காத அந்தப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டதும் என் தோளில் சாய்ந்து கதறினாள்.