பீரோக் கண்ணாடியில் மூன்று பேர்

விற்பனைக்காக வீடியோக்காரி படம் பிடித்த வீடுகள் எல்லாம் வீடியோவில் தெரிந்தபடியே மாறிவிட்டன. வைட் லென்ஸில் பதினான்கு அடியாகத் தெரிந்த எட்டடி அறையை, வாங்கியவர்கள் டேப் வைத்து அளந்தபோது பதினான்கு அடியே இருந்தது. மழைநாளில் எடுத்த ஒரு சமையலறைக்கு அவள் கணினியில் சேர்த்த வெயில், மூன்று வருஷமாக ராத்திரியும் பகலும் அங்கே அடித்தது. தரகர் இதைப் பெரிதுபண்ணவில்லை. வீடு விற்றால் போதும் அவருக்கு.

அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: வீடியோவில் ஆள் தெரியக் கூடாது. செருப்பு, துண்டு, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். பார்க்கிறவர் அந்த வீட்டில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வந்தது பாருங்கள் சோதனை. பதினோரு வருஷமாக அவள் வாடகைக்கு இருந்த மூன்றாம் மாடி வீட்டையே உரிமையாளர் விற்கப் போனார். "நீயே எடுத்துக் குடுத்துடும்மா, வெளியாள் எதுக்கு?" என்றார். மகள் தவழ்ந்ததும் நடந்ததும் அங்கேதான். வேறு போக்கிடம் கிடையாது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கேமராவை எடுத்தாள்.

அவள் கேமராவோடு அறை அறையாக நகர, கணவனும் மகளும் செருப்பைக் கையில் பிடித்தபடி அவள் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி நடந்தார்கள்.

"மூச்சு விடலாமாம்மா?" என்றாள் மகள்.

"விட்டுத் தொலை!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்த அந்தத் தடுமாற்றத்தில், பீரோக் கண்ணாடிக்குத் துணி போட மறந்துவிட்டாள். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. வீடியோ ஊரெல்லாம் சுற்றிய பிறகுதான், கண்ணாடிக்குள் மூன்று பேரும் நிற்பது கண்ணில் பட்டது.

வீடு விற்றது. காலி செய்யும் நாளில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசிப் படியில் கால் வைத்தால், அவர்கள் வீட்டுக் கூடம். அடுப்பு அதன் இடத்தில், சட்டை ஆணியில். மறுபடி இறங்கினார்கள், மறுபடி கூடம். மூன்றாம் முறை, சாவிக்காக வந்து நின்ற, வீட்டை வாங்கியவரே மகளின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் தெருவில் நின்றார். மகள் கூடத்தில் நின்றாள். வீடியோக்காரி சுவரில் உள்ளங்கையை வைத்து, "எங்கள வேணும்னு சொல்றியா?" என்று கேட்டாள். கண் நிறைந்து வழிந்தது.

வாங்கியவர் மூச்சிரைக்க மேலே வந்தார். போனில் வீடியோவை ஓட்டி, கண்ணாடியையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடியோல காட்டுன மாதிரியேதான் இருக்கு. குறை சொல்ல முடியாது," என்றார். பிறகு, குழாய் ஏதாவது ஒழுகுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.